ஒன்பது பவுன்

குற்றாலத்தில் என் அத்தாவுக்கு ஒரு பழக்கடை இருந்தது. கடை என்றதும் சுவரும் கூரையும் உள்ள ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். பேரருவிக்குச் செல்லும் பாதையோரத்தில் நான்கு கம்புகள், ஒரு தார்ப்பாய், சாய்த்து வைத்த பலகைகள், அவ்வளவே. ஜூன் மாதம் சாரல் இறங்கியதும் அது எழும்பும். ஆகஸ்டு முடிந்து கூட்டம் வடிந்ததும் அவிழ்க்கப்பட்டு, தென்காசியில் எங்கள் வீட்டு மச்சுக்குப் போய்விடும். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், நேந்திரம் பழம், மலை நெல்லி ஆகியவை அங்கே விலைபோகும். மற்ற ஒன்பது மாதங்கள் அத்தா தேங்காய் வியாபாரம் பார்த்தார்.

அந்தக் கடைக்கு ஆண்டுக்கு ஒன்றாகக் கணக்கு நோட்டு உண்டு. தேதி, அருவியில் தண்ணீர் எப்படி, வெளியூர் வண்டிகள் எப்படி, எந்தப் பழம் எத்தனை கிலோ போனது, எவ்வளவு அழுகியது என்று தினமும் ஒரு வரி எழுதுவார். தண்ணீரைக் குறிக்க அவரிடம் நான்கே சொற்கள்: நூல், பரவாயில்லை, நல்ல தண்ணி, தடை. கடைசிச் சொல், வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை போட்ட நாளுக்கு உரியது. 1997 முதல் 2021 வரை இருபத்தைந்து நோட்டுகள். அவற்றுள் பெரும்பாலானவற்றை எழுதியபோது நான் ஊரில் இல்லை.

நான் பாளையங்கோட்டையில் கணிதத்தில் இளங்கலை முடித்தவன். 2008இல் தம்மாமுக்குச் சென்று, கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் ஸ்டோர்கீப்பராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். கல்லூரியில் நான் கற்றதில் அங்கே பயன்பட்டது கூட்டலும் கழித்தலும் மட்டுமே. கொரோனா வந்தது, நிறுவனம் ஆட்களைக் குறைத்தது, 2020 செப்டம்பரில் சிறப்பு விமானத்தில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினேன். எங்கள் தென்காசி, கடையநல்லூர் பகுதிகளில் இப்படித் திரும்பியவர்களின் கதை வீட்டுக்கு வீடு ஒன்றாகத்தான் இருக்கும். ஆதலால் அதை விரிக்கவில்லை.

திரும்பி வந்தவன் என்ன செய்வான்? சிலர் கைபேசிக் கடை வைத்தார்கள். சிலர் மறுபடி விசாவுக்குக் காத்திருந்தார்கள். எனக்கு முப்பத்தைந்து வயது ஆகிக்கொண்டிருந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள், பெற்றோர். அப்போதுதான் தரவு அறிவியல் என்ற சொல்லைத் தொடர்ந்து கேட்கத் தொடங்கினேன். கிடங்கில் இருந்த காலத்திலேயே எனக்கு ஓர் அரிப்பு இருந்தது. எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று மேலாளர் கேட்பார். நான் உத்தேசமாகச் சொல்வேன். அது பாதி நேரம் சரியாக இருக்கும். அந்த உத்தேசத்துக்கு ஒரு முறையான கணக்கு இருக்கிறது, அதைப் படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள் என்று அறிந்தபோது, விட்டுப்போன ஏதோ ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றியது.

எங்கள் பக்கத்தில் கணினி வேலை என்பது வானத்து நட்சத்திரம் அன்று. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011இலேயே ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து 2019இல் அங்கேயே வந்து குடியேறினார். பட்டம் கேட்காமல் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் பள்ளியையும் அவர்கள் நடத்துகிறார்கள். ஆனால் அது பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த இளம்பிள்ளைகளுக்கானது. தாடியில் நரை கண்டவனுக்கு அங்கே பெஞ்சு கிடையாது.

சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூனில் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் பட்டத்தை முதலில் பார்த்தேன். நுழைவுத்தேர்வு என்ற மிரட்டல் இல்லாமல், நான்கு வாரப் பாடத்தைக் கொடுத்து அதிலேயே தகுதி காணும் முறை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது இளங்கலை. என்னிடம் ஏற்கெனவே ஓர் இளங்கலை இருந்தது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் 2018 முதல் நடத்தும் முதுகலையையும் பார்த்தேன். முந்தைய வினாத்தாளை இறக்கிப் பார்த்துவிட்டு மரியாதையோடு மூடி வைத்தேன். இறுதியில் நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது. வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பது பெரிய காரணம்.

நான்கு பருவத்துக்குக் கட்டணம், ஒரு மடிக்கணினி, போக்குவரத்து, சம்பளமில்லாத இரண்டு ஆண்டுகளின் வீட்டுச்செலவில் அத்தாவால் ஏற்க முடியாத பகுதி என எல்லாம் சேர்ந்து மூன்று லட்சத்துக்கு மேல் வந்தது. சவூதிச் சேமிப்பு, வீட்டுக்கு மேல்மாடி எழுப்பியதிலும் தங்கையின் திருமணத்திலும் கரைந்திருந்தது.

வங்கிக்குப் போனேன். நான்கு லட்சம் வரை ஈடு கேட்பதில்லை என்றார்கள். வட்டி ஏறத்தாழ பத்து விழுக்காடு என்றார்கள். தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடனில் வட்டி குறைவு, ஆனால் அதுவும் வட்டிதான். எனக்குத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. “இந்தப் படிப்பு இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் அடுப்பு எரியாதா?” என்று கேட்டார். எரியும், அத்தாவின் தேங்காய்க் கடையில் உட்கார்ந்தால் எரியும் என்றேன். “அப்படியானால் இது நிர்ப்பந்தமா, விருப்பமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்” என்றார். கல்விக்கடன் குறித்து அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். ஆகவே கடன் வாங்கிப் படித்தவர்களை நான் இங்கே குறைகூறவில்லை. அவர் என்னைக் கேட்ட கேள்விக்கு என் பதில் விருப்பம் என்பதாக இருந்தது, அதனால் நான் வாங்கவில்லை. அவ்வளவுதான்.

பைத்துல்மாலில் மனுப் போடலாம் என்று நண்பர் சொன்னார். மனுவை எழுதியும் விட்டேன். ஆனால் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை நர்சிங் படிப்புக்கு வந்திருந்தாள். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அது தன்மானமா, வீண் பெருமையா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

அன்றிரவு என் மனைவி அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். ஒன்பது பவுன். அவளுடைய மஹரும், அவள் வீட்டார் போட்டதும். “இது கடன்” என்றாள். “சும்மா தரலை.”

மனைவியின் நகை அவளுக்கே உரியது, கணவனுக்கு அதில் பாத்தியதை இல்லை என்பது நம் மார்க்கம் தெளிவாக வைத்த சட்டம். நாம்தான் அதை மறந்து, வீட்டு நகை என்று பொதுப்பெயர் சூட்டி, விற்றும் அடகு வைத்தும் பழகியிருக்கிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. மறுநாள் அஸருக்குப் பின் அவளுடைய அண்ணனையும் என் மாமனாரையும் வைத்து ஒரு முழுத்தாளில் எழுதினோம். மாமனாருக்குச் சங்கடம். “புருசன் பொண்டாட்டிக்குள்ள எதுக்குப்பா பத்திரம்?” என்றார். மனைவி விடவில்லை. நான் தொகையை எழுதப் போனபோதும் அவள்தான் நிறுத்தினாள். “ரூபாய் எழுதாதீங்க. எடை எழுதுங்க.” எழுபத்திரண்டு கிராம், இருபத்திரண்டு காரட் என்று எழுதினேன். 2021 ஆகஸ்டில் பவுன் முப்பத்தாறாயிரத்தை ஒட்டி இருந்தது. கல், அழுக்கு, கழிவு என்று கடைக்காரர் பிடித்தது போக மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கைக்கு வந்தது.

எடை என்ற அந்த ஒரு சொல் என்ன செய்யப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. வருங்காலத்தைக் கணிக்கும் படிப்புக்குத்தான் பணம் திரட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பருவத்தில் பாதி வகுப்புகள் கைபேசித் திரையில் கழிந்தன. பிறகு ரயில் ஓடத் தொடங்கியதும் ஸுப்ஹு தொழுதுவிட்டு ஓடிப்போய்ச் செங்கோட்டை–நெல்லை வண்டியைப் பிடிப்பேன். பாவூர்சத்திரம் தாண்டும்போது நோட்டைத் திறந்தால் சேரன்மகாதேவிக்குள் ஒரு பாடம் முடியும். முதல் நாள் வகுப்பில் நுழைந்தபோது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், ஆசிரியர் என்று நினைத்து. பிறகு ‘அண்ணா’ ஆனேன், மாத இறுதியில் ‘பாய்’ ஆனேன்.

கணிதம் நினைத்த அளவுக்குப் பயமுறுத்தவில்லை. மறந்துபோன அணிகளும் நிகழ்தகவும் தூசு தட்டியதும் திரும்பி வந்தன. படுத்தியது பைதான்தான். ஒரு வரியில் ஓர் இடைவெளி பிசகினால் முழு நிரலும் படுத்துக்கொள்ளும். இருபத்தொரு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் தட்டுவதை நான் இரண்டு விரலால் ஒரு மணி நேரம் தட்டினேன். முதல் பருவத்தில் ஒரு தாளில் அரியர் விழுந்தது. வீட்டில் சொல்லவில்லை. மகள் என் பையில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, “அத்தா பெயிலா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டாள்.

அந்த நாட்களில் நம் சமுதாயத்து நண்பர்கள் எனக்குத் தெம்பூட்டுவதற்காக அனுப்பிய செய்திகளில் இரண்டு பெயர்கள் தவறாமல் இருக்கும். அல்காரிதம் என்ற சொல்லே அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தி, மறைகுறியில் எழுதிய மடலை உடைப்பதற்கு, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் வழியை எழுதி வைத்தார் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. அல்-கிந்தியின் அந்தச் சுவடி இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா நூலகத்தில் இருந்தது. ஆனால் அரியர் வைத்தவனுக்கு அந்தப் பெருமையால் ஒரு மதிப்பெண்ணும் கூடவில்லை. அல்-கிந்தி எண்ணினார், நாம் அல்-கிந்தியைப் பற்றிச் செய்தி அனுப்புகிறோம். இதை நான் நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்.

நான்காம் பருவத்தில் ஆய்வுத்திட்டம். எல்லோரும் இணையத்தில் கிடைக்கும் ஆயத்தத் தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். நான் அத்தாவின் நோட்டுகளை எடுத்துப் போனேன். குற்றாலத்துச் சாரல் காலத்தில் ஒரு நாளின் பழ விற்பனையை முன்கூட்டிக் கணிக்க முடியுமா என்பது கேள்வி. மச்சிலிருந்து இறக்கி, பூச்சி தின்ற தாள்களை ஒட்டி, வரி வரியாகக் கணினியில் ஏற்ற இரண்டு மாதங்கள் ஆயின. அத்தா பக்கத்தில் உட்கார்ந்து தம் கையெழுத்தைத் தாமே படிக்க முடியாமல் திணறினார்.

மழையை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தரவிலிருந்து எடுத்தேன். நாட்டை 0.25 பாகைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 1901 முதல் நாள்வாரி மழையளவு வைத்திருக்கிறார்கள். அரிய செல்வம் அது. ஆனால் 0.25 பாகை என்பது நம் பக்கத்தில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். மலைக்கு அந்தப்புறம் ஆரியங்காவில் அடைமழை கொட்டும்போது இந்தப்புறம் பாவூர்சத்திரத்தில் வெயில் காயும் என்பது நமக்குத் தெரியும். இரண்டையும் ஏறக்குறைய ஒரே கட்டத்துக்குள் போட்டுச் சராசரி எடுத்தால் அந்த எண் எந்த ஊருக்கும் சொந்தமாக இராது. குற்றாலத்தில் பெய்வதோ வெறும் தூறல். அருவித் தண்ணீர் மேலே காட்டில் பெய்து இறங்குவது. ஆகவே கட்டத்து மழை எனக்குக் கைகொடுக்கவில்லை. நூல், பரவாயில்லை, நல்ல தண்ணி, தடை என்ற அத்தாவின் நான்கு சொற்களை நான்கு படிகளாக மாற்றிப் போட்டபோது கணிப்பு சட்டென்று மேம்பட்டது.

ஆனால் ஒரு கோளாறு இருந்தது. நோட்டில் தேதி மட்டும் போட்டு மற்றவை வெறுமையாக விடப்பட்ட நாட்கள் பல. கணினி வெற்றிடத்தை ஏற்காது. நான் அங்கெல்லாம் பூஜ்யம் நிரப்பினேன், கடை திறக்காத நாட்கள் என்று எண்ணி. என் வழிகாட்டி அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, “இது பூஜ்யமா, வெற்றா? எழுதியவரைக் கேட்டீர்களா?” என்றார். கேட்கவில்லை. எழுதியவர் என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறார், ஆனாலும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலை நோட்டை நீட்டினேன். அத்தா தேதிகளைப் பார்த்தார். சிரித்தார். “இது எல்லாம் ஆடி மாசத்து ஞாயித்துக்கிழமை. பஸ்ஸு பஸ்ஸா ஆளு. எழுத எங்கப்பா நேரம்? ராத்திரி வந்து படுத்தா விடிஞ்சிரும்.”

அந்த வெற்றிடங்களில் பெரும்பாலானவை இருபத்தைந்து ஆண்டுகளின் மிகச் சிறந்த வியாபார நாட்கள். அவற்றுக்கு நான் பூஜ்யம் போட்டிருந்தேன். கூட்டம் அதிகமானால் விற்பனை குறையும் என்று என் கணினி கற்றுக்கொண்டிருந்தது. பாடநூலில் இதற்குப் பெயர் உண்டு. தரவு தற்செயலாக விடுபடுவதில்லை, விடுபட்டதன் காரணமே விடுபட்ட அளவோடு பிணைந்திருக்கும் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. நான் அந்த அத்தியாயத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

வேறு வகை வெற்றிடமும் இருந்தது. 2020, 2021 இரண்டு சாரல் காலங்களிலும் கொரோனாவால் அருவிகளில் குளிக்கத் தடை. கடையே எழும்பவில்லை. ஆனால் நோட்டு இருந்தது. ஒவ்வொரு நாளும் தேதி, தண்ணீர் எப்படி என்ற ஒரு சொல், பின் மற்றவை எல்லாம் காலி. தென்காசியிலிருந்து சைக்கிளில் போய், தடுப்புக்கு வெளியே நின்று அருவியைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். நான் ஊருக்குத் திரும்பியது 2020இல். அடுத்த ஆண்டு சாரல் முழுவதும் ஒரே வீட்டில் இருந்தும் அவர் காலையில் எங்கே போகிறார் என்று நான் விசாரித்ததில்லை. அந்த இரண்டு நோட்டுகளையும் கணக்கிலிருந்து விலக்கினேன். அவற்றைச் சேர்த்தால் நல்ல தண்ணீருக்கும் வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று கணினி முடிவு கட்டிவிடும். விலக்கியது சரியான முறைதான். அத்தாவிடம் அதைச் சொல்லவில்லை.

2023இல் படிப்பு முடிந்தது. வேலை தேடும்போது வயது முன்னால் வந்து நின்றது. “இத்தனை வயதில் ஃபிரஷரா?” என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். பதினேழு நேர்காணல்கள். உருப்படியாக வந்தவை இரண்டு.

முதலாவது, கைபேசிச் செயலி வழியாகச் சிறுகடன் கொடுக்கும் ஒரு நிறுவனம். தேர்வுக்காகப் பெயரில்லாத பழைய கடன் பதிவுகளைக் கொடுத்து, யார் திருப்பிச் செலுத்த மாட்டார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். தவற வாய்ப்புள்ளவருக்கு வட்டியை உயர்த்துவது அவர்கள் திட்டம். வட்டி என்ற ஒரு காரணத்துக்காகவே நான் முதலிலேயே விலகியிருக்க வேண்டும். மாதம் அறுபதாயிரம் என்ற எண் என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது. உட்கார்ந்து செய்ததில் ஒன்று கண்டேன். பதிவில் மதம் இல்லை, சாதி இல்லை. ஆனால் அஞ்சல் குறியீட்டு எண் இருந்தது. நம் ஊர்களில் யார் எந்தத் தெருவில், எந்த ஊரில் கூட்டமாக வாழ்கிறார்கள் என்பது தெரிந்த கதை. கணினிக்கு மதம் சொல்லிக் கொடுக்காவிட்டாலும் பின்கோடு சொல்லிக் கொடுத்துவிடும். ஒரு பேட்டையில் பத்துப் பேர் தவறினால் பதினோராவது ஆள் நாணயமானவராக இருந்தாலும் அவருக்கு வட்டி ஏறும். 627751, 627811 என்று எனக்குப் பழக்கமான எண்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தப் பத்தியை நீக்கிவிட்டு விடையை அனுப்பினேன். கணிப்புத் துல்லியம் சற்றுக் குறைந்தது. ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். அப்படியும் வேலை தர அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான்தான் போகவில்லை.

இரண்டாவது, கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் எந்தச் சரக்கு எப்போது வேண்டியிருக்கும் என்று கணித்துக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனம். சம்பளம் முப்பத்திரண்டாயிரம், வீட்டிலிருந்தே வேலை. நேர்காணலில் ஒரு பட்டியலைக் காட்டி, இந்த எண்ணில் என்ன கோளாறு என்றார்கள். கையிருப்பு சில இடங்களில் கழித்தல் குறியோடு இருந்தது. மற்றவர்கள் அவற்றைத் தவறென்று நீக்கியிருக்கிறார்கள். சரக்கு வந்து சேர்ந்து, வரவு எழுதுவதற்குள் வாடிக்கையாளர் அவசரப்படுத்த, செலவை முதலில் எழுதிவிட்டால் இப்படித்தான் வரும் என்றேன். தம்மாமில் நானே அப்படி எழுதியிருக்கிறேன். அந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் வீண் என்று நான் எத்தனை இரவுகள் மனைவியிடம் புலம்பியிருப்பேன்!

இனி ஒன்பது பவுனுக்கு வருகிறேன்.

2024 ஜனவரியில் முதல் பவுன் காசை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். தாளின் பின்புறம் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த தவணைக்குச் சேர்த்துக்கொண்டே வந்தேன். 2024 ஜூலை 23 அன்று மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தார்கள். ஒரே நாளில் பவுனுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இறங்கி ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வந்தது. என்னிடம் அப்போது இரண்டு பவுனுக்குப் பணம் இருந்தது.

நான் வாங்கவில்லை. இன்னும் இறங்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல், பழைய விலைகளை எல்லாம் இறக்கி, இரவு உட்கார்ந்து ஒரு கணிப்பும் போட்டேன். ஐம்பதாயிரத்துக்குக் கீழே போகும் என்று வரைபடம் காட்டியது. நான் விரும்பியதையே அது காட்டியது என்பதை அப்போது கவனிக்கவில்லை. ஆகஸ்டு போயிற்று, செப்டம்பர் போயிற்று. அக்டோபர் இறுதியில் பவுன் ஐம்பத்தொன்பதாயிரத்தைத் தாண்டியது. இரண்டு பவுனுக்கு வைத்திருந்த பணத்தில் ஒன்றரைதான் கிடைத்தது.

இதில் அரைப் பவுன் நட்டம் பெரிதில்லை. கடனைத் தீர்க்கக் கையில் பணம் இருந்தும் என் இலாபத்துக்காக மூன்று மாதம் வைத்திருந்தேன். வசதியிருந்தும் கடனைத் தாமதிப்பதைப் பற்றி நபிமொழி என்ன சொல்கிறது என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வட்டிக்கு அஞ்சி வங்கி வாசலிலிருந்து திரும்பிய அதே ஆள்தான் இதையும் செய்தான். இதை இத்தனை நாள் நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம் தவிர.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் எழுபதாயிரத்தைத் தாண்டியது, அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. இடையில் இன்னும் ஒன்றரைப் பவுன் கொடுத்திருந்தேன். ஆக நான்கு போக ஐந்து மீதி. அந்த அக்டோபர் இரவு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மீதமிருக்கும் ஐந்து பவுனின் விலையே நாலரை லட்சம். நான் முதலில் கையில் வாங்கிய மொத்தத் தொகையைவிடப் பெரிது. மறுபுறம், வங்கியில் மூன்று லட்சம் வாங்கியிருந்தால் நான்கு ஆண்டுக்குத் தனிவட்டியாக ஒரு லட்சத்து இருபதாயிரம். கடன் முழுவதும் இந்நேரம் தீர்ந்தே போயிருக்கும்.

தாளை மறைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நான் முறையிடவில்லை. ஆனால் கணக்குப் போட்டதே ஒரு முறையீடுதானே. சற்று நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க என்கிட்ட வாங்கினது எத்தனை?”

“ஒன்பது பவுன்.”

“நான் கேட்குறது எத்தனை?”

“ஒன்பது.”

“இதுல எது கூடுச்சு?”

நான் பேசவில்லை. அவளே தொடர்ந்தாள். இந்த நான்கு ஆண்டில் இரண்டு திருமணங்களுக்கு அவள் வெறுங்கழுத்தோடு போய் வந்ததைச் சொன்னாள். அவளுடைய அக்கா ஒருமுறை கவரிங் சங்கிலியைக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளச் சொன்னதையும், அதை வாங்காமல் திருப்பி அனுப்பியதையும் அன்றுதான் நான் கேட்டேன். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கணக்குத் தாளில் அதற்கு ஒரு பத்தி இல்லை, அதனால் சொன்னாள் என்று நினைக்கிறேன். பெயர் இருந்தும் அளவு எழுதப்படாத நாட்கள். அவற்றுக்கும் நான் பூஜ்யம் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது நம் பகுதி இளைஞர்கள், குறிப்பாக வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், என்னிடம் வந்து தரவு அறிவியல் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். பள்ளிவாசல் ஹவுளடியிலேயே நிறுத்திக் கேட்பவர்களும் உண்டு. நான் ஆமென்றும் இல்லையென்றும் சொல்வதில்லை. பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ இருந்ததா என்று கேட்பேன். இல்லையென்றால் நேராக முதுகலைக்குப் போகாதீர்கள், இணையவழியில் ஓர் அடிப்படைப் பாடத்தை ஆறு மாதம் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் இழப்பு குறைவு என்பேன். ஆறு மாதத்தில் ஒரு லட்சம் சம்பளம் என்று விளம்பரம் செய்து, லட்சக் கணக்கில் கட்டணமும் அதற்குத் தவணைக் கடனும் சேர்த்தே விற்கும் பயிற்சி வகுப்புகளிடம் போகாதீர்கள் என்பதை மட்டும் உரக்கச் சொல்வேன். பழைய வேலையில் எது உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியுமோ அந்தத் துறையின் தரவைத் தேடுங்கள் என்பேன். மருந்துக்கடையில் இருந்தவர் மருந்துத் தரவையும், ஓட்டுநராக இருந்தவர் போக்குவரத்துத் தரவையும் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் படிப்பார். பணத்தைப் பற்றிக் கேட்டால் ஆலிமைக் கேளுங்கள் என்று அனுப்பிவிடுகிறேன். அங்கே நான் அறிவுரை சொல்லத்தக்கவன் அல்லன்.

அத்தா இப்போது கடை போடுவதில்லை, முழங்கால் விடவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கிப் பதினேழு வயது மாணவர் ஒருவர் இறந்தபோது, சாரல் காலம் தொடங்கவே இல்லை. என் கணிப்பு முழுவதும் ஜூன் ஒன்றாம் தேதிக்குப் பின்புதான். அத்தாவின் நோட்டுகளில் மே மாதமே கிடையாது. அன்று செய்தி கேட்டுவிட்டு அவர் தாமாகவே ஒரு புது நோட்டை எடுத்தார். இப்போது ஆண்டு முழுவதும் எழுதுகிறார், பழமில்லை, விலையில்லை, தண்ணீர் மட்டும். ஐந்தருவிப் பக்கம் ஆட்டோ ஓட்டும் ஒருவர் காலையில் கைபேசியில் அழைத்துச் சொல்கிறார். இவர் ஒரு சொல் எழுதிக்கொள்கிறார். நான் அதை மாதம் ஒருமுறை கணினியில் ஏற்றுகிறேன். வெற்றாக விட்ட நாட்களைக் கேட்டு எழுதுகிறேன்.

சென்ற வாரம் சம்பளம் வந்ததும் நகைக்கடைக்குப் போனோம், அவளும் உடன் வந்தாள். நான்கு கிராம் காசு. விலைப்பலகையை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். வீட்டுக்கு வந்து தாளை விரித்தாள். மடிப்பில் கிழிந்து, அவளுடைய அண்ணனின் கையெழுத்துக்கு மேல் மகள் பசை ஒட்டி வைத்திருந்தாள். பின்புறத்தில் இடம் தீர்ந்துபோனதால் ஓரத்தில் குறுக்காக எழுதினாள்: பாக்கி நாலரை.